நா மடங்காத எழுத்து

சனவரி 9, சென்னை

வென்றேன். ஒன்பது ஆண்டுகள், மூன்று படங்கள். அத்தனைக்கும் பிறகு இன்று நண்பகல் தயாரிப்பாளர் இராசமோகன் ஒப்பந்தத்தில் அந்த வரியைச் சேர்த்துக் கையொப்பமிட்டார்: செங்கோள் நான்காம் பாகத்தில் நாயகிக்கு நாயகியே குரல் கொடுப்பார். அவருடைய எழுத்துவழி இசைவின்றி அதை மாற்றலாகாது.

"இதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டா? வேற ஒருத்தங்க பேசினா உங்களுக்கு வேலை மிச்சம்தானேம்மா?" என்றார்.

"உங்க பேருக்குப் பதிலா வேற பேரைப் போட்டாலும் உங்களுக்கு வேலை மிச்சம்தான் சார்" என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கையொப்பமிட்டார்.

மேடையில் பேசிப் பழகியவள் நான். தனியே அமர்ந்து எழுதும்போதும் எதிரே ஒரு கூட்டம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆகவே அவையோர்க்குச் சொல்வதுபோல் சொல்லிவைக்கிறேன். செவ்வாய்க்குக் குடிபெயரும் மக்களின் கதை, செங்கோள். அவர்களைச் சுமந்து செல்லும் விண்கலத்தின் தலைவி நான். நாயகர் வந்து என்னைக் காப்பாற்றுவார். காப்பாற்றப்படும் முன்பே பதினைந்து பேரை நான் அடித்து வீழ்த்தியிருப்பேன். முதற்பாகம் வெளிவந்தபோது ஒரு நாளேடு நாயகரைப் பற்றி நாற்பது வரியும், கணினி வரைகலையைப் பற்றி இருபது வரியும் எழுதிவிட்டு, "நாயகியும் இருக்கிறார்" என்று முடித்தது. இருக்கிறேனாம்! முகம் தலைக்கவசக் கண்ணாடிக்குப் பின்னால். குரல் வசுமதி என்னும் பின்னணிக் கலைஞரின் தொண்டைக்குள். எஞ்சிய நான் எங்கே இருந்தேன்?

பதினேழு வயதில் மாநிலப் பேச்சுப்போட்டியில் முதற்பரிசு பெற்றவள். ழகரமும் ளகரமும் பிழையாத நாவென்று நடுவர்கள் எழுந்து நின்று பாராட்டினார்கள். "ரொம்பக் கனமான வாய்ஸ், ஹீரோயினுக்கு ஒட்டாது" என்று திரையுலகம் அந்தக் குரலைத் தள்ளிவைத்தது. வசுமதி அம்மையார் குரலோ தேன். ஆனால் ளகரத்துக்கு அவர் நா மடங்காது. மூன்று பாகங்களிலும் என் வாய் "செங்கோள்" என்று அசைகிறது. அரங்கில் "செங்கோல்" என்று கேட்கிறது.

ஆயினும் இந்தப் போர் தமிழுக்காக மட்டும் அன்று. அப்பாவுக்காக. அப்பா தவசிமுத்து சாத்தூரில் மைக்செட் வைத்திருந்தவர். ஐந்து வயதில் என்னைத் தூக்கி வெற்று மேடையில் நிறுத்துவார். "ஒன்று, இரண்டு, மூன்று. கேட்கிறதா அப்பா?" என்பேன். திடலின் கோடியில் ஒலிபெருக்கியின் கீழே நின்று தோள்துண்டை உயர்த்தி அசைப்பார். கேட்கிறது என்று பொருள். அதுவே என் முதற்சொற்பொழிவு. ஏழு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் அவர் கண்களை முற்றாகப் பறித்துக்கொண்டது. பார்வையற்ற தகப்பனுக்கு மகளின் படத்தில் மகள் எங்கே இருக்கிறாள்? நான்காம் பாகத்தில் இருப்பாள்.


சனவரி 14

பொங்கல். படப்பிடிப்பில் கம்பிகளில் தொங்கியபடி நான்கு மணி நேரம். மாலையில் சாத்தூருக்குப் பேச வேண்டும்.


சனவரி 15

மாலைப் படப்பிடிப்பை நீட்டிவிட்டார்கள். பேச இயலவில்லை.


சனவரி 28

கம்பி அறுந்து ஒரு பக்கமாய் வீழ்ந்தேன். தோள்பட்டையில் வீக்கம். பனிக்கட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு இரண்டாம் முறையும் குதித்தேன், இயக்குநர் கைதட்டினார். கவசத்துக்குள் இருப்பது நானா, சண்டைக் கலைஞரா என்று பார்ப்பவர்க்குத் தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

செல்லத்தாய் அத்தை அழைத்தார். அப்பாவின் தங்கை; அவரைப் பார்த்துக்கொள்பவர்.

"ஏத்தா, அண்ணன் போன ஆடியில விழுந்ததுல இருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்காரு. முன்னப்பின்ன பேசுறாரு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"குரற்பதிவு முடிச்சதும் வந்துடறேன் அத்தை. கையோட ஒண்ணு கொண்டுவர்றேன், அப்பா கேட்டா துள்ளிக் குதிப்பார்."

"அது கெடக்கட்டும். நீ வந்தே ஒண்ணேகால் வருசம் ஆச்சு."

ஒன்றேகால் ஆண்டு இராது. அத்தைக்குத் தேதிகள் சரியாக நினைவில் நிற்பதில்லை.


மார்ச் 5

ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் நாள். வாயிலிலேயே வசுமதி அக்கா நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, பருத்திச் சேலை, கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம். தம் இடத்தைப் பறித்தவளிடம் கொடுக்க வந்திருந்தார்.

"வா கண்ணி. உன் உதடு உன்னைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். பகரம் வர்றதுக்கு முன்னாடி லேசாக் கடிப்பே. கோபம்னா முதல்ல மூச்சு, அப்புறம்தான் பேச்சு. அந்த மூச்சை விட்டுடாதே, உதட்டோட ஒட்டாது."

இரண்டாம் பாகத்துக்கு அவருக்குக் குரல் விருது கிடைத்தது. எனக்கு எதற்கும் எதுவும் கிடைத்ததில்லை. "நீங்க விருது வாங்கினப்போ நான் கைதட்டினேன் அக்கா" என்றேன்.

"பார்த்தேன். ரொம்ப நேரம் தட்டினே. அதுலயே தெரிஞ்சுது" என்று சிரித்தார். "மூணு பாகமா படத்தோட பேரையே தப்பாச் சொன்னவ நான். நீ சரியாச் சொல்லு, ஊரே கேக்கட்டும்."

ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பெண்மணியை நான் வெறுத்தேன் என்று எழுத நேர்ந்தால் பொய்யாகாது. இன்று அவர் கொடுத்த கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டுதான் முதல் வசனம் பேசினேன்.


மார்ச் 8

முடிந்தது. கடைசிக் காட்சி: விண்கலத் தலைவி பூமிக்குத் திரும்புகிறாள், ஒரே சொல், "வந்துவிட்டேன்." பதினோரு முறை பேசினேன். பதினோராவதில் ஒலிப்பொறியாளர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கண்களைத் துடைத்தார். அந்த ஒலித்துண்டைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டேன்.


மார்ச் 15, சாத்தூர்

நடந்ததை நடந்தவாறு எழுதுகிறேன். அணி வேண்டா.

அப்பா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். தோளில் துண்டு. மெலிந்திருந்தார். காலடி கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"யாரு?"

"நான்தாம்ப்பா. கண்ணி."

அப்பா இரு கைகளையும் கூப்பினார். "வாங்கம்மா. எந்த ஊரு?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அருகே மண்டியிட்டு அவர் கையை எடுத்து என் முகத்தில் வைத்தேன். விரல்கள் நெற்றியைத் தடவின; மூக்கைத் தடவின; உதட்டில் வந்து நின்றன.

"மூஞ்சி எம் புள்ள மூஞ்சி மாதிரித்தான் இருக்கு" என்றார். "ஆனா மூஞ்சிய வச்சு ஏமாத்திரலாம் தாயி. கொரல வச்சு ஏமாத்த முடியாது. நாப்பது வருசம் மைக்செட் வச்சவன் நான். தொண்டையச் செருமுனாலே ஆளு யாருன்னு சொல்லிருவேன்."

கைப்பேசியை இயக்கினேன். நான் பதினோரு முறை பேசிய சொல் கூடத்தில் ஒலித்தது. அப்பா காது சாய்த்துக் கேட்டார். தேர்ந்தவர் கேட்பதுபோல் கேட்டார்.

"நல்லாப் பேசுது. யாரு பெத்த புள்ளயோ. எம் புள்ள இல்ல."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு நின்றார். "அண்ணே, கண்ணிதாண்ணே இது! சத்தியமா!"

"சும்மா இரு செல்லத்தா. இப்பக் காட்டுறேன் பாரு." என் பக்கம் திரும்பினார். "எங்க, படத்துப் பேரச் சொல்லுங்கம்மா."

நான் சொன்னேன். நாவின் நுனியை மேலண்ணத்துக்கு வளைத்து, அரங்கம் எழுந்து நின்று பாராட்டிய அந்த ளகரத்தை வழுவாமல் ஒலித்துச் சொன்னேன்: "செங்கோள்."

அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா! சிக்கிக்கிருச்சு! எம் புள்ளைக்கு நாக்கு மடங்காது. 'செங்கோல்'ம்பா. சின்னதுல இருந்தே அவளுக்கு அந்த எழுத்து வராது."

சின்னதிலிருந்தே.

"அப்ப உங்க பொண்ணு எங்கப்பா இருக்கா?" என்று நானே கேட்டேன். அந்நியர் கேட்பதுபோல் கேட்டேன்.

"செவ்வாயில இருக்கா. தெரியாதா? பெரிய வேலை. அங்கன டவர் கெடையாதுல்ல, அதான் போன் பண்ண முடியல. பண்ணக்கூடாதுன்னு இல்ல. பாசக்காரி." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலாம் பாகத்துல திரும்பிருவாளாம். டிவியில சொன்னாக."


மார்ச் 16, சாத்தூர்

அப்பா நன்றாக உண்டார். என்னிடம் வாங்க, போங்க என்றே பேசினார்.

எப்படி நேர்ந்தது என்று அத்தையிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே சொன்னார்.

"நீ பேசாத நாள்ல, பொழுது சாய்ஞ்சா 'கண்ணி போன் பண்ணலயா, கண்ணி போன் பண்ணலயா'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. தட்டத் தள்ளி வச்சிருவாரு. என்ன செய்யச் சொல்ற? படத்தப் போட்டுவிட்டு, 'இந்தா, ஒம் புள்ள பேசுதுண்ணே'ன்னேன். மொதல்ல, 'இது அவ கொரல் இல்ல'ன்னாரு. நான்தான், 'மைக்குல அப்பிடித்தாண்ணே கேக்கும்'னு சாதிச்சேன். சோறு எறங்கணுமில்லத்தா."

எத்தனை நாள்கள் அப்படிப் படத்தைப் போட நேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. அத்தைக்குத் தேதிகள் மிகச் சரியாக நினைவில் நிற்கின்றன.


மார்ச் 17, தொடர்வண்டியில்

விருதுநகர் தாண்டும்வரை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். செங்கோல். செங்கோல். எளிதுதான். ஆனாலும் குரல் என்னுடையதாகவே இருக்கிறது.


மார்ச் 24, சென்னை

இராசமோகன் அழைத்திருந்தார். அவருக்கு அருகே வழக்கறிஞர் ஒருவர், மடியில் தடித்த கோப்போடு.

"கோபப்படாம கேளுங்கம்மா. படத்தைப் போட்டுக் காட்டினோம். விநியோகஸ்தருங்க எல்லாரும் ஒரே குரலா, ஹீரோயின் வாய்ஸ் மாறிடுச்சுங்கிறாங்க. மூணு பாகம் கேட்டுப் பழகின காது. ஒப்பந்தம் உங்க பக்கம்தான், நான் மறுக்கல. அதான் நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு வக்கீல் சாரையும் கூட்டி வந்திருக்கேன்."

"எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றேன்.

வழக்கறிஞர் கோப்பைத் திறக்கவே மறந்துவிட்டார். "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்றார் இராசமோகன்.

காரணம் என்னும் கட்டத்தில், "தொண்டைக்கு ஓய்வு தேவைப்படுவதால்" என்று எழுதினேன். அது பொய்யென்றும் சொல்ல முடியாது.

மாலையில் வசுமதி அக்கா கொதித்துப்போய் அழைத்தார். "உனக்குப் பைத்தியமா? ஒன்பது வருஷம் போராடி வாங்கினதைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறே? நான் பேச மாட்டேன். வேற யாரையாவது வச்சுக்கச் சொல்லு!"

"வேற யாரும் பேசக் கூடாது அக்கா. நீங்கதான் பேசணும்" என்றேன். பிறகு சாத்தூரில் நடந்ததைச் சொன்னேன். நாற்காலி, துண்டு, டவர் இல்லாத செவ்வாய், எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. தேர்ந்த கலைஞர், அழும்போதும் ஒலி பிசிறவில்லை.

"கடைசி வசனத்தை மட்டும், வீட்டு வாசல்ல நின்னு சொல்ற மாதிரிச் சொல்லுங்க அக்கா."


மே 2

படம் வெளியாகிவிட்டது. நாளேடு எழுதுகிறது: "நாயகியின் சொந்தக் குரல் எடுபடாததால் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டதாகத் தெரிகிறது. தேனினும் இனிய அந்தப் பழைய குரலே படத்தின் உயிர்." வீங்கிய தோளோடு நான் மீண்டும் குதித்த காட்சிக்குச் சண்டைக் கலைஞரைப் பாராட்டியிருக்கிறார்கள்.

மறுப்பு எழுத உட்கார்ந்தேன். எட்டுப் பக்கம் வந்தது. மேடையில் முழங்கியிருந்தால் திடல் அதிர்ந்திருக்கும். கிழித்துவிட்டேன்.

சற்றுமுன் அத்தையின் அழைப்பு. "மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்த்தா. கடைசியில 'வந்துட்டேன்'னு அந்தக் கொரல் கேட்டுச்சு பாரு, எந்திரிச்சு நின்னுட்டாரு. பின்னாடி இருக்கவன் உக்காருய்யாங்குறான். வீட்டுக்கு வந்ததும் நாற்காலிய வாசலப் பாத்துப் போடச் சொன்னாரு. அதுல இருந்து எந்திரிக்க மாட்டேங்காரு. 'பூமிக்கு வந்துட்டா, இனி சாத்தூருக்கு வர எம்புட்டு நேரம்?'ங்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

வசுமதி அக்காவை அழைத்தேன்.

"நான் திரைக்குப் பேசறவம்மா. ஒரு அப்பாகிட்ட நேர்ல நின்னு எப்படிப் பொய் பேசறது?"

"பொய்யை ஒன்பது வருஷமாப் பேசியாச்சு அக்கா. நாளைக்கு வண்டி."


மே 4, சாத்தூர்

காலை ஒன்பது மணி. அப்பா வாசலைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். மழித்த முகம், வெளுத்த சட்டை, தோளில் புதுத்துண்டு. அத்தை எங்களைக் கண்டதும் அடுக்களைக்குள் போய்விட்டார்.

நான் அவர் காலடியில் தரையில் அமர்ந்தேன். அக்கா என் தோளை ஒட்டி, என் உதடுகள் தமக்குத் தெரியும்படி பக்கவாட்டில் மண்டியிட்டார். தம் வாய்க்கும் என் வாய்க்கும் இடையே ஒரு சாண் இருக்குமாறு பார்த்துக்கொண்டார். அளவு அறிந்தவர். அப்பாவின் கையை எடுத்து என் முகத்தில் வைத்தேன். அக்கா மூச்சை இழுப்பது கேட்டது. முதலில் மூச்சு, பிறகு பேச்சு. நானும் இழுத்தேன்.

"அப்பா."

என் உதட்டின் மேலிருந்த விரல்கள் நின்றன.

"தாயீ?"

"ஆமாப்பா. கண்ணிதான். வந்துட்டேன்."

ஒன்பது ஆண்டுகள் என் உதட்டுக்கு அக்கா தம் குரலைப் பொருத்தினார். இன்று அவர் குரலுக்கு நான் உதட்டைப் பொருத்தினேன்.

அப்பாவின் மற்றொரு கையும் வந்து என் கன்னத்தைப் பற்றியது. "வந்துட்டியாத்தா. எளைச்சுட்டியே. அங்கன சோறெல்லாம் எப்பிடி?"

"சோறு ஏதுப்பா, மாத்திரைதான்" என்றார் அக்கா. இரண்டாம் பாகத்தில் வரும் வசனம். நான் எதிர்பார்க்கவில்லை, என் உதடு அரை நொடி பிந்திவிட்டது. அப்பா கவனிக்கவில்லை, அல்லது பொருட்படுத்தவில்லை.

"போன் பண்ண முடியலயோ?"

அக்கா நின்றுவிட்டார். இதற்கு வசனம் எழுதப்பட்டிருக்கவில்லை. என்னைப் பார்த்தார். விரல்களுக்கடியில் என் உதடு நடுங்குவதை அப்பா உணர்ந்திருக்க வேண்டும், நெற்றி சுருங்கிற்று. பல்லாயிரவர்முன் சொல் தடுமாறாதவள் நான். என் உதடு ஒலியின்றித் தானே அசைந்தது. அசைந்ததை அக்கா படித்தார். படித்ததை அப்படியே பேசினார்.

"மன்னிச்சிருங்கப்பா."

"கிறுக்குப் புள்ள. டவர் இல்லாததுக்கு நீ என்ன செய்வ?" அப்பா சிரித்தார். "பங்குனியில ஒரு அம்மா வந்துச்சு, நான்தான் ஒம் புள்ளன்னு. நல்ல அம்மாதான், பாவம். என்ன கஷ்டமோ. ரெண்டு நாள் இருந்து சாப்புட்டுட்டுப் போச்சு." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, மைக்கச் சோதி. கேப்போம்."

அக்காவுக்கு அது விளங்கவில்லை. அவர் முன்னால் ஒரு விரலை நீட்டினேன், இரண்டு, மூன்று; மிச்சத்தை உதட்டால் சொன்னேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதாப்பா?"

அப்பா என் கன்னத்திலிருந்து ஒரு கையை எடுத்தார். தோள்துண்டை உருவி, தலைக்கு மேலே உயர்த்தி அசைத்தார். வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்குது தாயி. நல்லாக் கேக்குது. எங்கேர்ந்து பேசுற, சொல்லு?"

"செங்கோல்லேர்ந்துப்பா."

லகரத்துக்கும் ளகரத்துக்கும் உதட்டில் வேறுபாடு இல்லை. தொட்டுப் பார்க்கும் விரலுக்குத் தெரியப்போவதில்லை. ஆயினும் நான் நாவை மடக்கவில்லை.